புத்தகம் காட்டுவார், புத்தி சொல்லார்

கொழும்பில் வழக்கு என்றால் புதுக்கடை. கொட்டாஞ்சேனையிலிருந்து கால்நடையாகவே சென்றடையத்தக்க அவ்விடத்தை ஆங்கிலத்தில் 'ஹல்ப்ஸ்டோர்ப்' என்பர். 1656ஆம் ஆண்டில், போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பறிக்க நடந்த முற்றுகையில் உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்ட் என்பாரின் பெயர் அது. நீதிமன்றங்களும், 1874இல் தோன்றிய சட்டக் கல்வியின் மரபும் அங்கே உள்ளன. தெற்கே, தேர்ஸ்டன் வீதி என முன்னர் வழங்கிய வீதியருகே, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடம் இருக்கின்றது. அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு என்று நம் பாட்டனார் காலத்துச் சட்டப் பெயர்கள் யாவும் நமக்குப் பழக்கம். ஆனால் சட்ட நூலகத்தின் உசாத்துணை மேசையில் அமர்ந்திருப்பவரை எத்தனை பேர் அறிவர்?

புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதுமே அவர் தொழில் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. வினாவோடு வருபவருக்கும் விடை கிடக்கும் பக்கத்துக்கும் இடையே வழிகாட்டுவதே அவர் பணி. இதனை ஒரு கலையாகவே வளர்த்தவர் தமிழர் ஒருவர். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூல், நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தது. வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது அவற்றுள் நான்காவது. சட்ட நூலகத்தில் அவ்விதியின் அருமையை உடனே உணரலாம். நாளைக் காலை வழக்குத் தவணை இருப்பவருக்கு இன்று மாலை ஐந்து மணி என்பது சாதாரண நேரமன்று.

நம் நாட்டுச் சட்டமோ ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-ஒல்லாந்தச் சட்டம் ஒன்று. ஒல்லாந்து தேசத்திலேயே 1809இல் புதிய சட்டக்கோவை வந்து அதனை அகற்றிவிட்டது. நாமும் தென்னாபிரிக்கரும் இன்னும் அதனைக் கைவிட்டோமில்லை. அதன்மேல் ஆங்கிலச் சட்டம். பக்கத்திலே கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமை. எனவே, "காணிச் சட்டம் எங்கே, ஐயா?" என்று கேட்கும் மாணவரை நோக்கி நூலகர் உடனே கை நீட்டிவிட முடியாது. "எவருடைய காணி? எந்த ஊரவர்? எந்த ஆண்டில் வந்தது?" என்று மூன்று வினாக்களை அவரே கேட்டாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பாடத்துக்கு என்று சொல்லி, உண்மையில் தன் சிற்றன்னைக்காக வந்திருக்கின்றாள். சிற்றன்னை யாழ்ப்பாணத்துப் பெண். தன் பெயரில் உறுதி முடித்து வாங்கிய மாடிவீட்டை விற்க விரும்புகின்றார். கணவனோ எங்கேயென்று தெரியவில்லை. கொழும்பிலே இருக்கும் வீட்டுக்குத் தேசவழமை எதற்கு என்று மாணவி நினைக்கின்றாள். பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்ணுக்கு 1923ஆம் ஆண்டின் விவாகமான மாதர் ஆதனக் கட்டளைச்சட்டம் முழு உரிமையைத் தந்துவிட்டதன்றோ?

நூலகர் எடுத்து வைப்பது வேறொன்று: 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம். தேசவழமைக்கு உட்பட்டவரின் ஆதனம் எங்கே இருப்பினும் அச்சட்டம் தொடரும் என்பது அதன் தொடக்கத்திலேயே உண்டு. ஆறாம் பிரிவின்படி, மனைவி தன் அசைவற்ற ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டால் அந்த மாணவி அழுதுகொண்டே வீடு செல்வாள். அனுபவமுள்ள நூலகர் மூடவிடார். எட்டாம் பிரிவையும் வாசிக்கச் சொல்வார். கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருப்பிடம் தெரியாது போனாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றமே அனுமதி அளிக்கலாம் என்பது அங்கே இருக்கின்றது. மனைவிக்கு மட்டும் இத்தகைய தளை ஏன் இன்னும் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. கேட்கவேண்டிய கேள்வியே, ஆனால் அதனை நூலகத்தில் தீர்க்க முடியாது.

"அப்படியானால் சித்தி விற்கலாமா?" என்று மாணவி கேட்பாள். இங்கேதான் நூலகர் வாய்மூட வேண்டும். அது சட்டத்தரணி சொல்லவேண்டிய புத்தி. புத்தகத்தைக் காட்டலாம், அது திருத்தப்பட்டதா என்று பார்த்துச் சொல்லலாம், அதற்கு விளக்கம் தந்த தீர்ப்புகளைத் தேடித் தரலாம். ஒருவரின் வீட்டுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று சொன்னால், தவறு நேரும்போது வீடு போவது சிற்றன்னைக்கே. விடை நாக்கின் நுனியில் இருக்க, எதிரே கலங்கிய முகமும் இருக்க, அடக்கிக்கொள்வது எளிதன்று. இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி இதுவென்றே எனக்குத் தோன்றுகின்றது.

திருத்தம் என்றேன். அதுவும் சிறு விடயமன்று. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் 'தேடியதேட்டம்' என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. பழைய பதிப்பை மட்டும் படித்தவர் பழைய பொருளையே வாதாடுவார். தீர்ப்புத் தொகுதிகளின் குறியீட்டையும் அறிய வேண்டும். முதலில் வரும் எண் தொகுதி, இறுதியில் வருவது பக்கம். நடுவே நிற்கும் மூன்று எழுத்துகள் 'புதிய சட்ட அறிக்கைகள்' என்னும் தொடரைக் குறிப்பன. கடந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அத்தொடருக்குப் பின், 1978 முதல் 'இலங்கைச் சட்ட அறிக்கைகள்' வருகின்றன.

இன்று கணினி இருக்க இவையெல்லாம் எதற்கு என்பாருக்கு ஒரு செய்தி. 2023இல் நியூயோர்க் நகரத்துச் சட்டத்தரணிகள் செயற்கை நுண்ணறிவுப் பொறியொன்று தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். அவ்வாறான தீர்ப்புகள் உலகில் எங்கும் இருக்கவில்லை! நீதிபதி விதித்த தண்டம் 5,000 டொலர். ஏதேனும் ஒரு நூலகரிடம் சென்று, "இத்தொகுதியை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

கணினியிலே தேடுவதற்கும் எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டும். தேசவழமை என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதியபடி மற்றவர் எழுதியதில்லை. 1862இல் முத்துக்கிருஷ்ணா வெளியிட்ட பதிப்பிலே அது 'தேசவலெமே' என்று ஒலிக்கும்படி இருக்கின்றது. முதுசொம், சீதனம் என்பனவும் அவ்வாறே உருமாறிக் கிடக்கின்றன. தமிழறிந்த நூலகர், வாய்விட்டு வாசித்தே அவை நம் வீட்டுச் சொற்கள் என்று கண்டுகொள்வார்.

அதற்குக் காரணமும் உண்டு. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி நம் முன்னோரின் வழக்கங்களைத் தம் மொழியில் எழுதினார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பினர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். பின்னர் அது ஆங்கிலத்துக்குச் சென்றது. இன்று புதிய சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படவேண்டும் என்று அரசியலமைப்புக் கூறினும், பழைய தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகலின் வெள்ளவத்தை மாணவி, பாட்டியின் வாயிற் கேட்ட 'சீதனம்' என்னும் சொல்லை ஆங்கிலப் பொருளடைவிலே 'சி' வரிசையிலும் தேடவேண்டும். அங்கே இல்லையெனில் 'டி' வரிசையில் 'டவுரி' என்பதன் கீழும் பார்க்கவேண்டும். முதலில் எதைப் பார்ப்பது என்று நூலகரைக் கேட்டால் சொல்லுவார்.