கர்ணத்தின் கையிலிருந்த ஏடு

வடமாலபேட்டை இன்று திருப்பதி மாவட்டத்து மண்டலம். 2022 வரை சித்தூரில் இருந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் அரசாங்கம் என்றால் கர்ணமும் முன்சீபும்தான். எந்த சர்வே எண் யார் அனுபவத்தில் இருக்கிறது, அதில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதியவர் கர்ணம். அந்தப் பேனா தகப்பனிடமிருந்து மகனுக்குப் போக, சென்னை மாகாணத்தின் 1895ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. வம்சாவளியாகப் பதவி தருவது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்ன பிறகும் பதவிகள் நீடித்தன. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980இலும், ஆந்திராவில் என்.டி.ராமராவ் அரசு 1984இலும் அவற்றை ஒழித்தன.

நிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவரை நீக்கினால் நிர்வாகம் தடுமாறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரின் நில விவரம் ஒரே குடும்பத்தின் சொத்தாகிவிட்டதுதான் கோளாறு; குத்தகைக்கு உழுதவரின் பெயர் ஏட்டில் ஏறுவது அந்தக் குடும்பத்தின் தயவில் நின்றது. ஆளை மாற்றுவது பாதி வேலை, ஏட்டையும் திறக்க வேண்டும். இப்போது ஆந்திர அரசின் நில ஆவண இணையதளமான மீபூமியில் அடங்கலைப் பார்க்க முடிகிறது. திருத்தும் அதிகாரம் மட்டும் வருவாய்த் துறையிடமே இருக்கிறது. திருத்தம் கேட்கும் மனுவுக்குக் கெடு வைத்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும் கடமையை அலுவலகத்தின் மேல் சுமத்துவதே அடுத்த வேலை.