ஆமைக் குஞ்சும் சூரிய கிரணமும்

டில்லி மாநகரின் தென்மேற்கே, டில்லி வளர்ச்சி ஆணையம் அடுக்கு மாளிகைகளால் எழுப்பிய துவாரகா என்னும் உபநகரத்தில், பூமியை மிதிக்காமலே நாட்களைக் கழிக்கும் குடும்பங்கள் அநேகம். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த தமிழர்கள்கூட, ஆமையை ஐசுவரியத்தின் சின்னமாகப் போற்றும் அண்டை வீட்டாரைக் கண்டும், குழந்தைகளின் பிடிவாதத்துக்கு இணங்கியும், நாணயமளவே உள்ள பச்சை நிறக் குஞ்சுகளை வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் விடுகிறார்கள். ஆமையால் எந்த வீட்டுக்கும் கேடு வந்துவிடாது. ஆனால் அதன் சரீர இயல்பை அறியாத வீட்டில் புகுந்த குஞ்சு சில மாதங்களிலேயே நலிந்து மடிகிறது.

நம் நாட்டுப் பாலாமை, நட்சத்திர ஆமை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது, அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்ட செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையே அதன் அடையாளம். குஞ்சாக இருக்கையில் மூன்று சென்டிமீட்டரே உள்ள இப்பிராணி, பெண்ணாயின் ஓர் அடி நீளம்வரை வளரக்கூடியது. நன்கு பராமரித்தால் முப்பது ஆண்டுகள்கூட உயிர் வாழும்.

ஆமையின் ஓடு, நத்தையின் கூட்டைப்போல் வெளியே சுமந்து செல்லும் கவசம் அன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாய் இணைந்து விரிந்து, மேலே நகத்தின் பொருளான கெரட்டினால் போர்த்தப்பெற்ற ஜீவனுள்ள அங்கம். அது வளரக் கால்சியம் வேண்டும். குடலிலுள்ள கால்சியம் இரத்தத்தில் கலக்க டி3 வைட்டமின் வேண்டும். அந்த வைட்டமின் தோலில் உண்டாக, சூரிய ஒளியில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விட்டு, இந்தக் கதிர்களை மட்டும் தடுத்துவிடுகிறது. ஆகவே, கண்ணாடியால் அடைத்த பால்கனியில் பகல் முழுவதும் பளீரென்ற ஒளியில் இருந்தும், அக்குஞ்சு ஒருவகையில் இருட்டிலேயே வாழ்கிறது. நாளடைவில் ஓடு மிருதுவாகி வளைகிறது, தாடை வலுவிழக்கிறது, கால்கள் உடலைத் தாங்குவதில்லை. குறைவது ஆகாரமே என்று எண்ணி மேலும் மேலும் தீனி போடுகிறோம். உண்மையில் குறைந்திருப்பது சூரியன்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஈரம் முற்றும் காயும்படி ஏறி அமர ஒரு மேடையும், அதன்மேல் புற ஊதாக் கதிர் தரும் விளக்கும், 30 முதல் 32 டிகிரி வெப்பம் தரும் மற்றொரு விளக்கும் அமைக்க வேண்டும். கதிர் விளக்கின் வெளிச்சம் மங்காமல் இருக்கும்போதே அதன் புற ஊதாச் சக்தி தேய்ந்துவிடுமாதலால், உற்பத்தியாளர் குறித்த காலத்தில் அதை மாற்றிவிடுவது அவசியம். டில்லிக் குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதாலும், புகையும் மூடுபனியும் வானை மறைப்பதாலும், திறந்த பால்கனியைக்கூட நம்பியிருக்க முடியாது. சுற்றுப்புறத்தின் உஷ்ணமே ஆமையின் உஷ்ணம் என்பதால், நீரை ஹீட்டரால் சுமார் 25 டிகிரியில் வைக்காவிடில் குஞ்சு தீனியை மறுக்கும். நோயை எதிர்க்கும் சக்தி குன்றும். மூக்கில் குமிழி வருவதும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மிதப்பதும், வாயைத் திறந்து மூச்சு விடுவதும் நுரையீரல் அழற்சியின் லட்சணங்கள்; உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கோடையிலோ, சிறிய தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் நீர் சுட்டுக் குஞ்சு மாண்டுபோகும். ஒதுங்க நிழல் என்றும் இருக்கட்டும்.

ஆமை தின்னும் நீரிலேயே கழிக்கவும் செய்கிறது. கழிவிலிருந்து தோன்றும் நச்சான அம்மோனியாவை, வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் இந்த உபகாரிகள் அழிந்துபோவர். தொட்டி நீரிலேயே அலசி, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே முறை. உலர்ந்த இறாலை மாத்திரம் தின்று வளரும் குஞ்சுக்கு ஏ வைட்டமின் குறைந்து இமைகள் வீங்கும். ஆமைக்கென்றே செய்த உணவு உருண்டைகளுடன், முள்ளோடு சிறு மீனும், துருவிய கேரட்டும் கொடுக்கலாம். டில்லிச் சந்தையில் மலிந்த பாலக் கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் அதை மிகுதியாகக் கொடுத்தல் தகாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என விற்கும் கணவாய் ஓட்டின் துண்டு ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டால், குஞ்சு தானே கடித்துக் கால்சியத்தைப் பெறும்.

ஆரோக்கியமாய்த் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளை அது தாக்கியதனாலேயே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை 1975இல் அமெரிக்க அரசு தடைசெய்தது. தொட்டபின் சோப்பினால் கைகழுவுவதும், சமையலறைத் தொட்டியில் ஆமையின் பாத்திரங்களைக் கழுவாமலிருப்பதும் கண்டிப்பான நியமங்களாக வேண்டும்.

குஞ்சு வளர்ந்து தொட்டி போதாமற்போகும் நாளில், புண்ணியம் என்று கருதி யமுனையிலோ நஜஃப்கர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உலகின் மிகக் கேடு பயக்கும் நூறு அந்நிய உயிரினங்களுள் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் குறித்திருக்கும் இந்த ஆமை, வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் நம் நாட்டு ஆமைகளோடு போட்டியிட்டு அவற்றை ஒடுக்கவல்லது. கேரளத்துத் திருச்சூரின் நீர்நிலைகளில் இது காணப்பட்ட பின்னரே அதன் அபாயத்தைப் பலர் உணர்ந்தனர். விடுதலை என்ற பெயரில் நாம் செய்வது மற்றொரு ஜீவனுக்குத் துரோகம். முப்பது ஆண்டுகளுக்கு விளக்கும், வெப்பமும், தூய நீரும், பெரிய தொட்டிக்கு இடமும் அளிக்க நம்மால் இயலுமா என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே குஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். இயலாதென்று தோன்றினால், கடையிலேயே விட்டுத் திரும்புவதுதான் அந்த ஜீவனிடத்து நாம் காட்டும் உண்மையான கருணை.