காரணமில்லாத படபடப்பு ஏன்?

சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தலை வலியால் தெறிக்கிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். வெறும் பதற்றம் என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அரிதாக, இதற்கு ஒரு கட்டியும் காரணமாக இருக்கலாம்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் வளரும் அரிய கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா. ஆபத்தே இல்லாதபோதும் அது, ஆபத்து நேர ஹார்மோன்களான அட்ரினலினையோ நார்அட்ரினலினையோ கொட்டும். ஹார்மோன் விட்டுவிட்டு வரும்; அதன் சிதைபொருளான மெட்டாநெஃப்ரின் கட்டிக்குள்ளேயே இடைவிடாமல் உருவாகும். அதனால் ரத்தத்திலும் சிறுநீரிலும் அதைத்தான் தேடுகிறார்கள்.

தீர்வு அறுவை சிகிச்சை. அதற்குமுன் ஆல்ஃபா தடுப்பு மருந்தால் ரத்தக் குழாய்களைத் தளர்த்த வேண்டும். படபடப்புதானே என்று பீட்டா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்தால் வினைதான்: குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் மிஞ்சும், அழுத்தம் இன்னும் ஏறும்.