லேயில் உடம்பு தாமதமாக இறங்கும்

டில்லியிலிருந்து லேவுக்கு ஆகாய வழியில் சுமார் 620 கி.மீ. விமானப் பயணம் ஒன்றேகால் மணி நேரம். சிக்கலே அந்த வேகத்தில்தான்.

லே விமான நிலையம் இருப்பது சுமார் 10,700 அடி உயரத்தில். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், டில்லியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். அலட்சியப்படுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதல் இரண்டு நாட்கள் ஓய்வு என்பது மருத்துவர்களின் கட்டளை. பாங்காங் ஏரியெல்லாம் அப்புறம்தான். ஸ்ரீநகரிலிருந்து சாலையில் வந்து, சுமார் 8,800 அடி உயர கார்கிலில் ஓர் இரவு தங்குபவர்களுக்கு உடல் ஓரளவு பழகிவிடுகிறது.

ஆனால் லடாக்வாசிகளுக்கு விமானம் சொகுசல்ல. ஸ்ரீநகரிலிருந்து நடந்துவர இரண்டு வாரங்கள் பிடித்த காலத்தில், 1948 மே மாதம் மெஹர் சிங் இங்கே முதல் டகோட்டாவை இறக்கினார். இன்றும் குளிர்காலத்தில் கணவாய்களைப் பனி மூடினால், அவசர நோயாளிக்கு வழி வானம் மட்டுமே.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம். வெளியூர்க்காரரின் உடம்புக்கோ இரண்டு நாள்.