இணையப் பாதைகளுக்கு எல்லை வகுக்கும் எண்கள்

நமது நாட்டில் ரயில் வண்டிகள் எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதை ரயில்வே நிர்வாகம் முடிவு செய்கிறது. கடிதங்களை எவ்வழியே அனுப்புவது என்பதை அஞ்சல் துறை தீர்மானிக்கிறது. இணையத்துக்கு இத்தகைய தலைமை நிர்வாகம் எதுவும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள், அரசுத் துறைகள் ஆகியவை நடத்தும் 75,000-க்கும் மேற்பட்ட வலையமைப்புகள், தத்தம் உடன்படிக்கைகளின்படி ஒன்றோடொன்று இணைந்திருப்பதே இணையமாகும். அண்டை வலையமைப்பு சொல்லும் பாதைச் செய்தியை நம்பியே ஒவ்வொரு வலையமைப்பும் தகவலை அனுப்புகிறது. அப்பாதைச் செய்தி எதுவரை பரவலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதைத் தெரிவிக்க ஒரு சிறிய எண் பயன்படுகிறது. ‘கம்யூனிட்டி’ என்று பொறியாளர்கள் அழைக்கும் இக்குறியின் பணியை அறிந்துகொள்வது, நாட்டின் தகவல் தொடர்பில் அக்கறை கொண்ட அனைவருக்கும் பயனுடையதாகும்.

அண்டையார் சொல்லும் வழி

வலையமைப்புகளின் எல்லையில் ‘ரூட்டர்’ எனப்படும் வழிகாட்டும் கருவிகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைக்கு ‘எல்லை நுழைவாயில் நெறிமுறை’ என்று பெயர், சுருக்கமாக பி.ஜி.பி. எனலாம். 1989-ஆம் ஆண்டில் உருவான இம்முறையின் நான்காம் பதிப்பே இன்றும் வழக்கில் உள்ளது.

பி.ஜி.பி.யின் அடிப்படை எளியது. “இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்” என்று ஒரு வலையமைப்பு தன் அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கிறது. அண்டை வலையமைப்பு அதைத் தன் அண்டையாருக்குச் சொல்கிறது. இவ்வாறு அறிவிப்பு ஒரு திசையில் பரவ, தகவல் அதற்கு எதிர்த் திசையில் வந்து சேருகிறது. ஆகவே, தன் அறிவிப்பு எங்கெல்லாம் செல்லலாம் என்பதை வரையறுக்கும் வலையமைப்பு, தன்னை நோக்கி வரும் போக்குவரத்தையே வரையறுக்கிறது.

இதில் மற்றொரு விதியும் உண்டு. ஒரே முகவரிக்கு இரு அறிவிப்புகள் இருக்குமாயின், குறுகிய பகுதியைச் சுட்டும் அறிவிப்பையே ரூட்டர் பின்பற்றும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு வழியும் அம்மாவட்டத்திலுள்ள ஓர் ஊருக்குத் தனி வழியும் சொல்லப்பட்டிருந்தால், அவ்வூருக்குச் செல்வோர் தனி வழியையே தேர்ந்தெடுப்பதைப் போன்றது இது.

எல்லை மீறிய அறிவிப்பு

இவ்விதியின் விளைவை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. யூடியூப் தளத்தைத் தன் நாட்டில் தடை செய்யுமாறு பாகிஸ்தான் அரசு ஆணையிட்டிருந்தது. அதனை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் அத்தளத்தின் 256 முகவரிகளைத் தனக்குரியவை போல் அறிவித்தது. உள்நாட்டில் நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, அந்நிறுவனத்துக்கு வெளிநாட்டு இணைப்பு வழங்கிய நிறுவனத்தைச் சென்றடைந்தது. அந்நிறுவனம் அதைச் சரிபாராமல் உலகெங்கும் பரப்பிற்று. யூடியூப் நிறுவனம் தானே வெளியிட்டிருந்த அறிவிப்பு 1,024 முகவரிகளைச் சேர்த்துச் சுட்டியது. குறுகிய அறிவிப்பே வென்றதால், பல நாடுகளில் அத்தளம் ஏறக்குறைய 2 மணி நேரம் கிடைக்காமற் போயிற்று.

“வெளியே அனுப்பாதே” என்ற குறி அந்த அறிவிப்பில் இடப்பட்டிருக்குமாயின், அதே நிறுவனத்தின் எல்லை ரூட்டர்களே அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

குறியின் அமைப்பு

கம்யூனிட்டி குறிக்கான பொது வரையறை 1996 ஆகஸ்டில் வெளியாயிற்று. இது 32 இரும இலக்கங்களைக் கொண்ட ஓர் எண். இரு சம பாதிகளாகப் பிரித்து எழுதப்படும். முதற்பாதி, குறிக்குப் பொருள் வகுத்த வலையமைப்பின் எண்ணாகும். மறுபாதி, அவ்வலையமைப்பு தன் விருப்பப்படி வகுத்துக்கொண்ட குறிப்பு. காட்டாக, 64500:100 என்ற குறியில் 64500 என்பது வலையமைப்பையும், 100 என்பது அது வகுத்த பொருளையும் காட்டும். ஓர் அறிவிப்புடன் பல குறிகளைச் சேர்த்து அனுப்பலாம்.

சில குறிகளுக்கு எல்லா இடங்களிலும் ஒரே பொருள் உண்டு. 65535:65281 என்பதற்கு, ‘இந்த அறிவிப்பைப் பெற்ற வலையமைப்பு அதனைத் தன் எல்லைக்கு வெளியே அனுப்பலாகாது’ என்பது பொருள். இதுவே ‘நோ எக்ஸ்போர்ட்’ எனப்படுவது. 65535:65282 இன்னும் கடுமையானது: பெற்ற ரூட்டர் வேறெந்த ரூட்டருக்கும் அதைச் சொல்லலாகாது.

நுழையும்போது குறி, வெளியேறும்போது சோதனை

நன்கு நடத்தப்படும் வலையமைப்பில் ஒவ்வொரு பாதைக்கும் அது நுழையும் இடத்திலேயே குறி இடப்படுகிறது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த பாதைக்கு 100, சமநிலையிலுள்ள அண்டையாரிடமிருந்து வந்ததற்கு 200, கட்டணம் செலுத்தி இணைப்புப் பெறும் பெரிய நிறுவனத்திடமிருந்து வந்ததற்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். வெளியேறும் இடத்தில் ரூட்டர் குறியை மட்டுமே பார்க்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அனுப்பும்போது 100 என்ற குறியுடைய பாதைகளும் தன் சொந்தப் பாதைகளும் மட்டுமே செல்லும், ஏனையவை நின்றுவிடும். குறியே இல்லாத பாதையும் செல்லாது. இவ்வாறு அமைத்துவிட்டால், புதிய வாடிக்கையாளர் சேரும்போதெல்லாம் நாட்டின் பல நகரங்களிலுள்ள எல்லை ரூட்டர்கள் அனைத்தையும் திருத்த வேண்டிய தேவை இராது.

இத்தகைய ஒழுங்கு தவறும்போது, ஒரு நிறுவனத்திடம் கேட்டறிந்த பாதைகளை மற்றொரு நிறுவனத்திடம் தன் பாதைகள் போல் சொல்லிவிட நேரிடுகிறது. அப்போது உலகப் போக்குவரத்தின் ஒரு பகுதி, அதைத் தாங்க இயலாத ஒரு சிறிய வலையமைப்பின் வழியே பாய முற்படும். தவறான அறிவிப்புகள் நம் நாட்டிலிருந்தும் வெளிச்சென்றதுண்டு. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு வலையமைப்பு ஒன்றிலிருந்து, அதற்கு உரிமையில்லாத 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகள் தவறுதலாக அறிவிக்கப்பட்டன.

சிறிய வலையமைப்புக்குக் கிடைக்கும் உரிமை

தன் வலையமைப்பை ஒழுங்குபடுத்துவதுடன் குறியின் பயன் முடிந்துவிடவில்லை. ஒரு பல்கலைக்கழகம் ஒரே சேவை நிறுவனத்திடம் இரு இணைப்புகளைப் பெற்றிருப்பதாகக் கொள்வோம். ஒன்று வேகமானது; மற்றொன்று அவசரத் தேவைக்கு உரியது. முற்காலத்தில், எந்த இணைப்புக்கு முதலிடம் தருவது என்பதைச் சேவை நிறுவனத்தின் பொறியாளரே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக அமைத்துத் தர வேண்டியிருந்தது. 1996-இல் அமெரிக்காவின் எம்.சி.ஐ. நிறுவனம் கையாண்ட முறை இந்நிலையை மாற்றியது. 3561:90 என்ற குறியுடன் வரும் பாதைக்கு வழக்கமான 100-க்குப் பதிலாக 90 என்ற முன்னுரிமையே தரப்படும் என்று அது தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. வாடிக்கையாளர் தன் ரூட்டரில் ஓர் எண்ணை எழுதினாலே போதும். அந்த இணைப்பு இரண்டாம் இடத்துக்குச் சென்றுவிடும்.

தாக்குதல் நேரத்திலும் இக்குறி துணைபுரிகிறது. ஒரு வலையமைப்பிலுள்ள ஒரு முகவரியை நோக்கிப் பகைவர்கள் அளவற்ற போலித் தகவல்களை ஏவும்போது, அவ்வலையமைப்பின் இணைப்பு முழுவதுமே அடைபடும். அப்போது அந்த ஒரு முகவரியை 65535:666 என்ற குறியுடன் அறிவித்தால், அதை ஏற்கும் சேவை நிறுவனம் அம்முகவரிக்கான தகவல்களை நடுவழியிலேயே கைவிட்டுவிடும். அந்த ஒரு முகவரி இழக்கப்பட்டாலும் ஏனையவை பிழைக்கும். இக்குறி 2016-இல் பொது வரையறை பெற்றது.

உள்நாட்டுப் போக்குவரத்து

தில்லியில் ஒரே தெருவிலுள்ள இரு அலுவலகங்கள் வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்புப் பெற்றிருக்கலாம். அந்நிறுவனங்கள் இரண்டும் வெளிநாட்டில் மட்டுமே சந்திக்குமாயின், ஓர் அலுவலகத்தின் கடிதம் கடலடிக் கம்பிவடத்தில் வெளிநாடு சென்றுதான் எதிர்வீட்டுக்குத் திரும்ப இயலும். இதனால் காலமும் பணமும் வீணாகும். இதைத் தவிர்ப்பதற்காகவே 2003-இல் இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் நிறுவப்பட்டது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய இடங்களில் முதலில் அமைந்த இணைப்பகங்களில் நிறுவனங்கள் தம் பாதைகளை நேரடியாகப் பகிர்ந்துகொள்ள வழி ஏற்பட்டது.

இங்கும் குறியின் பணி முக்கியமானது. இணைப்பகத்தில் கேட்டறிந்த பாதைகளைத் தனிக் குறியிட்டு வைத்து, அவற்றை வெளிநாட்டு இணைப்பின் வழியே சொல்லாமல் தடுப்பது ஒவ்வொரு நிறுவனத்தின் கடமையாகும். இல்லையேல், பிறருக்குரிய வெளிநாட்டுப் போக்குவரத்தை அந்நிறுவனம் தன் செலவில் சுமக்க நேரிடும்.

குறி ஆணையன்று

கம்யூனிட்டி குறிக்குச் சில வரம்புகள் உண்டு. இது பூட்டு அன்று, வேண்டுகோளே. இடையிலுள்ள வலையமைப்பு இதை நீக்கிவிடலாம், பொருட்படுத்தாமலும் விடலாம். குறியை இட்டவர் யார் என்பதற்குச் சான்றும் இதில் இல்லை. ஆதலால், வெளியிலிருந்து வருவோர் தன் எண்ணைத் தாங்கிய குறியை இட்டு அனுப்பினால், அனுமதிக்கப்பட்டவை தவிர ஏனையவற்றை நீக்குவது பாதுகாப்பானது. சில வகை ரூட்டர்கள், தனியே கட்டளை தந்தாலன்றிக் குறிகளை அண்டை ரூட்டருக்கு அனுப்புவதில்லை. பொறியாளர் அக்கட்டளையை மறந்தால், சரியாக இட்ட குறியும் வாயிலைத் தாண்டாது. எனவே, முகவரிகளின் உரிமையைக் கையொப்பத்தால் உறுதி செய்யும் முறையும், வாடிக்கையாளரின் அறிவிப்புகளைப் பட்டியலுடன் ஒப்பிடும் முறையும் குறியுடன் சேர்ந்து கையாளப்பட வேண்டும்.

வலையமைப்புகள் பெருகியதால் அவற்றின் எண்களும் 32 இரும இலக்கங்களாக நீண்டன. அவற்றைப் பழைய குறியின் ஒரு பாதியில் அடக்க இயலவில்லை. ஆகவே 2017-இல் மூன்று பகுதிகளைக் கொண்ட பெரிய கம்யூனிட்டி குறி வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் இணையத்தில் சேர்ந்த சிறிய வலையமைப்புகளும் தம் எண்ணாலேயே குறி வகுக்க இதனால் வழி பிறந்தது.

இக்குறியைப் பயன்படுத்தப் பெரும்பாலும் புதிய கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுபவை தெளிவான திட்டமும் பயிற்சி பெற்ற பொறியாளர்களுமே. ஒவ்வொரு நிறுவனமும் தன் குறிகளின் பொருளை எழுதி வாடிக்கையாளர்களுக்கு வெளியிடுவதும், புதிதாகப் பணியேற்பவர்களுக்கு அவற்றைக் கற்பிப்பதும் இன்றியமையாதவை. மருத்துவமனை, வங்கி, பள்ளி அனைத்தும் இணையத்தைச் சார்ந்து இயங்கும் இக்காலத்தில், ஒரு ரூட்டரில் எழுதத் தவறிய ஓர் எண்ணின் விளைவு, அதன் பெயரையே அறியாத பல லட்சம் மக்களைச் சென்றடைகிறது.