சிறு வட்டமும் வெட்டுப்பொறியும்: அளவுமாதிரிக் கலைஞர்க்கான ஒரு தேர்வு

மொழியியல் பயின்றவன் வெட்டுப்பொறியைப் பற்றிப் பேச வருவது அவையோர்க்கு வியப்பளிக்கலாம். பணி ஓய்வுக்குப் பின் என் மாலைப்பொழுதுகள் நெகிழி விமான மாதிரிகளைக் கட்டி வண்ணந்தீட்டுவதிலேயே கழிகின்றன. அறுபதைக் கடந்த விரல்களோ கூர்க்கத்தியைப் பிடிக்கும்போது நடுங்கத் தொடங்கிவிட்டன. பொழுதுபோக்கைக் கைவிடுவதா, கையின் வேலையைப் பொறியிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி எழுந்தபோதுதான் இப்பொறிகளைக் கற்கத் தொடங்கினேன். பள்ளி அறிவிப்புப் பலகைகளுக்கு எழுத்து வெட்டும் ஆசிரியர்களும் இதே பொறிகளையே வாங்குகின்றனர். ஆதலின் நான் கற்றது அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

வண்ணம் படக்கூடாத பகுதியை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு, எஞ்சிய பகுதியில் ஏர்பிரஷ் கொண்டு வண்ணம் தெளிப்பதே மறைப்பு முறை. மூடும் துண்டை மறைப்பான் என்பேன். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அதனை 'முகமூடி' என்று பெயர்ப்போரும் உண்டு. முகமே இல்லாத இடத்தில் முகமூடி எதற்கு?

பொறியைத் தேர்வதற்கு முன்னர், நாம் வெட்ட வேண்டிய மிகச்சிறிய வடிவம் எது என்பதைக் கணக்கிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். போரின் பிற்பகுதியில் அதன் உடற்பக்கத்தில் இருந்த வட்டச் சின்னம் 36 அங்குல விட்டமுடையது. வெளியே மஞ்சள், அதனுள் 32 அங்குல நீலம், 16 அங்குல வெள்ளை, நடுவில் 12 அங்குலச் சிவப்பு. 1:72 அளவில் முழுச் சின்னமும் 12.7 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. நடுச் சிவப்பு ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். வெள்ளை வளையத்தின் அகலம் 2 அங்குலம். மாதிரியில் அது 0.7 மில்லிமீட்டரே. வெள்ளையை முதலில் தெளித்து, காய்ந்தபின் அந்த மெல்லிய வளையத்தை மறைப்பானால் மூடினால்தான் அடுத்த நிறத்துக்குச் செல்லமுடியும். என் விரல்கள் தோற்றது இவ்வளையத்திடம்தான்.

பொறிக்கும் இவ்விடம் எளிதன்று. வீட்டுப் பயன்பாட்டுக்கான பொறிகள் பெரும்பாலானவற்றில் கத்தியைத் திருப்புவதற்கெனத் தனி மோட்டார் கிடையாது. தடையின்றிச் சுழலும் தண்டில் பொருத்தப்பட்ட கத்தி, இழுக்கப்படும் திசையை நோக்கித் தானே திரும்பிக்கொள்கிறது. பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரம் திரும்புவதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். அச்சக்கரத்தைப் போலவே கத்தியின் முனையும் தண்டின் மையத்துக்கு நேர்கீழே இராமல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் பின்தங்கி வருகிறது. அந்த விலகலை மென்பொருள் கணக்கிட்டு ஈடுசெய்கிறது. பெரிய வட்டத்தில் குறை தெரிவதில்லை. வட்டம் சிறுக்கச் சிறுக்க விலகலின் பங்கு பெருகுகிறது. வெட்டின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன, அல்லது கத்தி தாளைக் கிழித்துத் தூக்கிவிடுகிறது.

இதை அறியாமல் நான் முதலில் 12 அங்குல அகலப் பொறியை வாங்கினேன். அகலம் கூடினால் திறமும் கூடும் என்ற கடைக்காரரின் சொல்லை நம்பியதன் விளைவு அது. மேசையில் பாதியை அடைத்துக்கொண்ட அப்பொறியில் நான் வெட்டிய எதுவும் உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்ததில்லை. அழுத்தவிசையும் அவ்வாறே. தோலையும் தக்கையையும் வெட்டும் விசை விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுகிறது. மறைப்புத்தாளுக்கோ மிகக் குறைந்த விசை போதும். மேல்தாள் மட்டும் அறுபட்டு, அடித்தாள் அறுபடாமல் இருக்க வேண்டும். ஆகவே விசையையும் வேகத்தையும் சிறுசிறு படிகளாகக் குறைக்க இடந்தருகிறதா என்பதையே வினவவேண்டும். சில்லுவெட் நிறுவனத்தின் 8 அங்குலப் போர்ட்ரேட் போன்ற சிறு பொறி இப்பணிக்குத் தாராளம்.

இரண்டாவதாகக் கருதவேண்டியது மென்பொருள். என் கருத்தில் இதுவே பொறியைவிட முதன்மையானது. கிரிகட் பொறிகள் டிசைன் ஸ்பேஸ் என்னும் நிறுவன மென்பொருளைச் சார்ந்தவை. அதற்குப் பயனர் கணக்கு வேண்டும். 2021 மார்ச்சில் அந்நிறுவனம், சந்தா செலுத்தாதோர் மாதத்துக்கு 20 சொந்த வடிவங்களை மட்டுமே பதிவேற்றலாம் என அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழவே அம்முடிவைக் கைவிட்டது. கைவிட்டது நன்று. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய பொருளின் பயன் பிறர் கையில் இருக்கமுடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. சில்லுவெட்டின் மென்பொருள் இணைய இணைப்பின்றியும் இயங்கும். அதன் இலவசப் பதிப்பு எஸ்விஜி கோப்புகளைத் திறக்காது, டிஎக்ஸ்எஃப் கோப்புகளைத் திறக்கும் என்பதை மட்டும் வாங்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜப்பானிய மஞ்சள் வாஷி தாள் வளைந்த பரப்பில் படிந்து நிற்கும்; ஆனால் நுண்ணிய வளையத்தில் அதன் இழைகள் பிரியக்கூடும். வினைல் படலம் தூய விளிம்பைத் தரும். வளைவில் மெல்ல எழுந்துவிடும். நான் இறக்கைக்கு வினைலும் உடற்பகுதிக்கு வாஷியும் கொள்கிறேன். நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டையும் மூடிய பெட்டியில் வைப்பதே நல்லது.

தமிழெழுத்தை வெட்டுவோர்க்கு இரண்டு இடர்கள் காத்திருக்கின்றன. சில மென்பொருள்களில் 'கொ' என்னும் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் எழுத்தைத் தட்டச்சிட்டு, கோட்டுருவாக மாற்றிய பின்னர் வெட்டுப்பொறிக்கு அனுப்பினால் இவ்விடர் நீங்கும். மற்றது, க, வ போன்ற எழுத்துகளின் மூடிய வயிற்றுப்பகுதி தனித்துண்டாகக் கழன்றுவிடும். அதனை மெல்லிய பாலத்தால் இணைக்கவேண்டும், அல்லது ஒட்டுப்படலத்தால் மொத்தமாக எடுத்து மாற்றவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியோ 5 மில்லிமீட்டர் உயர எழுத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஆகவே கடைக்குச் செல்வோர் 4, 2, 1 மில்லிமீட்டர் வட்டங்களும் ஒரு 'க்'கும் அடங்கிய கோப்பை உடன் கொண்டுசென்று, தம் சொந்தத் தாளிலேயே வெட்டிக்காட்டச் சொல்லலாம். புதிய கத்தியில்தான் வெட்டுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்க. மழுங்கிய கத்தி நல்ல பொறியையும் குறைத்துக் காட்டும்.