கோல் காப்பாளருக்குச் சோறு போடுவது யார்?

உதைபந்தாட்டத்தில் மற்ற எல்லோரையும் விட நீண்ட காலம் நின்று ஆடுபவர் கோல் காப்பாளர். இத்தாலியின் டீனோ சொஃப் 1982-இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதில் இறங்கி, சவூதி அரேபியாவின் பெனால்டி ஒன்றைத் தடுத்தார். 1995-இல் பார்மா அணிக்கு 17 வயதில் ஆட வந்த புஃபோன் 2023-இல்தான் ஓய்வு பெற்றார். ஓட்டம் குறைவு, அதனால் உடம்பு தேயாது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இலங்கை மலையகத்தில் புசல்லாவையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட அணிகளிலும் கோல் காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் குறைவாகத்தான் ஓடுகிறார்கள். ஆனாலும் கொழும்புக்கு வேலை தேடி பஸ் ஏறும் வயதோடு அவர்களில் பெரும்பாலானோரின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. உடம்பு இடம் கொடுத்தும் ஆட்டம் நிற்கிறதென்றால், வேறெங்கோதான் காரணத்தைத் தேட வேண்டும். கோல் காப்பாளரின் ஆயுளைத் தீர்மானிப்பது அவருக்குச் சம்பளம் கொடுத்து, பின்னேரம் மைதானத்துக்கும் அனுப்பி வைக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்பதே என்று நான் நினைக்கிறேன்.

இந்த வேலை கைக்கு வரும் விதத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வலையின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். பாய்ந்து மட்டுமே அதைக் காக்க எவராலும் முடியாது. பந்தோடு வருபவரை நோக்கி இரண்டடி முன்னே வந்தால் அவருக்குத் தெரியும் வலை சுருங்கும். மூன்றாவது அடி வைத்தால் பந்து தலைக்கு மேலால் போய்விடும். அந்த இரண்டடிக்கும் மூன்றடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் தானாக அறிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். முன்வரிசை வீரரின் வேகம் இருபதிலேயே உச்சத்தில் இருக்கலாம். கோல் காப்பாளரின் கணிப்பு முப்பதை நெருங்கும்போதுதான் முற்றுகிறது. ஆகவே இருபத்திரண்டில் விட்டுப்போகும் முன்வரிசை வீரரிடம் நாம் கொஞ்சமாவது பார்த்திருப்போம். அதே வயதில் விட்டுப்போகும் கோல் காப்பாளரிடம் ஏறக்குறைய ஒன்றையுமே பார்த்திருக்க மாட்டோம். சரளைக்கல் மைதானத்தில் இடுப்புத் தோல் உரியப் பாய்ந்து பழகியதெல்லாம் விதை நெல்லைச் சமைத்துத் தின்றது போல ஆகிவிடும்.

இந்தியக் கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜின் கதை இதற்கு நல்ல சான்று. செகந்திராபாத் கழகங்களில் ஆடத் தொடங்கிய அவர் 1953-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் நிலையத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் முன்வரிசையில் ஆடினார். அவரைக் கோல் காப்பாளராக்கியது இராணுவம்தான். குன்னூரை அடுத்த வெலிங்டனின் அந்த அணி 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கிண்ணத்தை வென்றது. 1956 மெல்பேர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தங்கராஜ் போனார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற இந்திய அணியின் வலையைக் காத்தவரும் அவரே. பிறகு கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கு ஆடி, 1971-இல்தான் ஓய்ந்தார். இந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு அடித்தளம் போட்டது ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம்.

வெலிங்டன் நீலகிரியின் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அதே 1953-இல், கடலுக்கு இந்தப் பக்கம், புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்திலோ சோகம தோட்டத்திலோ அதே உயரமும் அதே நீண்ட கையும் கொண்ட ஓர் இளைஞன் இருந்திருந்தால் அவனுக்கு என்ன வழி இருந்தது? 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. நாடற்றவனுக்கு இராணுவம் இல்லை, பொலிஸ் இல்லை, அரசாங்கத் திணைக்களங்களில் உத்தியோகமும் இல்லை. இந்த நாட்டில் உதைபந்தாட்ட வீரருக்குச் சோறு போட்டுவந்ததோ பெரும்பாலும் அந்த இடங்கள்தான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் கப்பலேறி நீலகிரித் தோட்டங்களுக்கே போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, மலையகத்தில் கோல் காப்பாளர் உருவாகவில்லையே என்று கேட்பது அநியாயம்.

“முரளி வரவில்லையா?” என்று உடனே கேட்பார்கள். வந்தார், 800 டெஸ்ட் விக்கெட்டுகளும் எடுத்தார். ஆனால் முரளிதரனின் தந்தை பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் பயிற்சியும் முரளிக்குக் கிடைத்தன. பின்னர் கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் கிடைத்தது. திறமை தானாக வழி கண்டுபிடிக்கும் என்பதற்கு அவரைக் காட்டுபவர்கள், அந்த வழியை யார் யார் போட்டு வைத்திருந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. மலேசியத் தமிழர் ஆர். ஆறுமுகமும் அப்படித்தான். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்த அவர் சிலாங்கூர் அணியிலும் தேசிய அணியிலும் ஆண்டுக்கணக்கில் நின்றார். 1988-இல் விபத்து அவரைக் கொண்டுபோனபோது வயது 35. சிலாங்கூர் போன்ற ஓர் அணியும், ஆண்டுதோறும் தவறாமல் நடந்த மலேசியக் கிண்ணமும் இல்லாமல் அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இலங்கையில் உதைபந்தாட்டம் எவருக்குமே சோறு போடுவதில்லை, மலையகத்துக்கு மட்டும் ஏன் தனிக் கோரிக்கை என்பார்கள். தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய கோல் காப்பாளர் சுஜான் பெரேராவே மாலைதீவுக் கழகங்களுக்குப் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது. 2023-இல் ஃபீஃபா தடையால் ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நாடே சர்வதேச ஆட்டமின்றி இருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவில் இறங்கவில்லை. 2021-இல் தொடங்கிய சுப்பர் லீக்கின் பத்து அணிகளில் டிபென்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ் மூன்றும் படையினரின் அணிகள். லீக் நின்றாலும் அங்கே சம்பளம் நிற்காது. மலையகத்துக்கென்று இருந்தது நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் ஒன்றுதான். அதே 2021-இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி, நீண்ட போராட்டத்துக்குப் பின், 1,000 ரூபாயானது. அதிலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும். பயிற்சிக்காகப் பின்னேரம் முன்கூட்டியே மலையிலிருந்து இறங்குகிறவன் அன்றைய பேரைப் பணயம் வைத்துத்தான் இறங்குகிறான்.

பெரிய லீக் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தங்கராஜைத் தாங்கியது லீக் அல்லவே. 1992 முதல் இங்கே தோட்டங்களை நடத்திவரும் கம்பனிகளிடம் காரியாலய வேலையும், தொழிற்சாலை வேலையும், வெளிக்கள வேலையும் இருக்கின்றன. ஒரு கம்பனி இரண்டு கோல் காப்பாளர்களை நிரந்தர வேலைக்கு எடுத்து, வாரத்தில் நான்கு நாள் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பேர் வெட்டாமல் விடட்டும். புசல்லாவை சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகளில் அவர்களையே பிள்ளைகளுக்குப் பயிற்றுநராக்கலாம். ஒருவர் போதாது, இருவர் வேண்டும்: வலையில் நிற்பவருக்கு எதிரே நின்று, தவறு எந்த அடியில் நேர்ந்தது என்று சொல்ல இன்னொரு கோல் காப்பாளரால் மட்டுமே முடியும். இரவல் கையுறையோடு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் தனியாக நிற்கும் பையனுக்கு இன்று அதைச் சொல்ல ஆளில்லை.